பெருக்கித் தள்ளிய இடம்

ஜூன் 9, திங்கள்

விடிகாலையிலிருந்து மழை. இந்த வருடத்து முதல் பெருமழை. எங்கள் குகட்பள்ளி காலனிக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஆபீஸ் இருக்கிற சனத்நகர் என்றால் ஆட்டோக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸ் போய்ச் சேரப் பத்தரை. கரண்ட் இல்லை, அதனால் கீழே லேத் பட்டறையும் சத்தமில்லாமல் கிடந்தது. நல்ல காலம்.

வேலைகள்:
வள ஏடு, நாலாம் அத்தியாயம், பிழை பார்க்க
அட்டைப்படம் இன்று முடிவு
கேஸ் புக்கிங்
யாழினி ஸ்கூல் பாரம்

பாரத்தில் 'தாயின் வேலை' என்று ஒரு கட்டம். யாழினி காலையில் பேனாவும் கையுமாக நின்றாள். ஏழாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. "ஏம் ராயாலி?" என்ன எழுத என்று கேட்கிறாள். சொன்னேன்: கிராமங்களுக்குப் போய், அந்த ஊரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, அடுத்து என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்களையே சொல்ல வைத்து, அதைத் திட்டமாக எழுதிக் கொடுப்பது. எப்படி எழுதுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஒரு புத்தகம் போடுவது, அதுதான் வள ஏடு. அவள் கட்டத்தின் அகலத்தைப் பார்த்தாள், 'ரைட்டர்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

அட்டைப்படம் முடிவாகிவிட்டது. ஏப்ரலில் கொ.பள்ளி கிராமத்தில் நான் எடுத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கோலமாவால் தங்கள் ஊரையே தரையில் வரைந்தார்கள். தெருவுக்கு வெள்ளை, ஏரிக்கு நீலம், வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, வயலுக்கு வேப்பிலை, போர்வெல்லுக்குச் சோடா மூடி. மொட்டைமாடியில் ஏறி நின்று எடுத்தேன். வரதராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எங்கள் நிறுவனத்தின் இயக்குநர். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத், தமிழில் பாதி உருது.

"எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு மா. இதான் அட்டை."

பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு சமோசா தின்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

கொ.பள்ளி பஞ்சாயத்துச் செயலாளர் போன். மழை வந்ததும் ஆட்டுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்களாம். ஒன்பது குடும்பம். மாசி வாக்கில் மந்தையை ஓட்டிக்கொண்டு புல்லும் தண்ணீரும் உள்ள பக்கமாகப் போய், முதல் மழைக்கு வீடு வந்து சேர்கிறவர்கள். வந்து பார்த்தால் ஏரிக்கு மேற்கே, அவர்கள் மேய்க்கிற மேட்டில், முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. ஜேசிபி வந்து நிற்கிறது. ஆட்டுக்காரர்கள் அதன் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கே உலர்களமும் கிட்டங்கியும் வரப்போகிறது. எங்கள் திட்டத்தில் வந்ததுதான். மகளிர் குழு ரொம்ப நாளாகக் கேட்டது. மக்காச்சோளத்தைத் தார்ரோட்டில் காயப்போட்டு, லாரிக்குப் பயந்து பயந்து அள்ளுகிற பெண்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

செயலாளர் கேட்டது ஒன்றுதான். "மேடம், உங்க படத்துல அது காலி எடம்தான?"

படத்தைத் திறந்து பார்த்தேன். காலி. ஏரிக்கு மேற்கே கொட்டை இல்லை, இலை இல்லை, ஒரு பொடிக் கோடு இல்லை. அதை இணையப் படிவத்தில் ஏற்றியதும் நான்தான். நிலத்துக்கு அங்கே ஐந்தே பதில்: குடியிருப்பு, பயிர், நீர்நிலை, சாலை, பயன்பாட்டில் இல்லாதது. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு வேறு எதைத் தட்டுவேன். கடைசியைத் தட்டினேன். மேய்ச்சல் என்று ஒரு பதிலே அந்தப் பட்டியலில் கிடையாது என்பது இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

ஏப்ரலில் போனோம். ஆட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத மாதம். வந்தவர்களைத் தலை எண்ணி, 'பங்கேற்பு: மிக நன்று' என்று எழுதினேன். யார் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு வருடமாக இதே வேலை பார்க்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "தப்பு விழுந்துச்சுன்னா திருத்திர வேண்டியதுதான. இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" சாப்ட்வேர்காரர். அவர் உலகத்தில் எல்லாவற்றையும் திருத்தலாம், மறுநாள் காலை எட்டு மணிக்குள்.

ஜூன் 11, புதன்

வெயில். புழுக்கம் தாங்கவில்லை.

வரதராஜன் சார் அறையில் அரை மணி நேரம். முழுக்கக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். அப்புறம் இரண்டு கையையும் விரித்தார்.

"ஹவ் மா, தப்புதான். யாரு இல்லேன்னா? ஆனா திட்டத்துக்கு ஒப்புதல் ஆயிடுச்சு, போர்ட்டலப் பூட்டியாச்சு. இப்ப கைக்கு இதக் கெளப்பறே? நக்கோ."

ஆமாம் தப்புதான், ஆனால் எதற்கு இப்போது, வேண்டாம் என்கிறார். கெட்டவர் இல்லை. போன வருடம் என் அம்மா ஆபரேஷனுக்கு மதுரை போக மூன்று வாரம் லீவு கேட்டபோது ஒரு கேள்வி கேட்காதவர்.

அவருக்குத் தெரியாமல் மாவட்ட அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். அங்கே உள்ள அதிகாரியும் நல்ல மனிதராக வாய்த்துத் தொலைத்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவருக்கு வருத்தம்தானாம், ஆனால் பூட்டிய திட்டத்தைத் திறக்கிற பொத்தான் அவர் திரையில் இல்லையாம். மேலே எழுதுங்கள் என்றார். மேலே யார் என்று கேட்டேன். அதை விசாரித்துச் சொல்கிறேன் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தயார்தான். கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொன்னார். அந்த மேடு பயன்பாட்டில் இருந்தது என்பதற்கு அன்றைய கூட்டத்திலேயே ஏதாவது ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள், அதை வைத்து வேலையை நிறுத்தச் சொல்லிப் பார்க்கிறேன் என்று.

ஆதாரம் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும்.

ஜூன் 12, வியாழன்

கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

காலை முழுக்கப் படங்களைப் பார்த்தேன். எல்லாமே நான் மாடியேறிய பிறகு எடுத்தவை, எல்லாவற்றிலும் அந்த இடம் வெறுமை. மத்தியானம் ஞாபகம் வந்தது, செயலாளர் அன்றைக்குத் தன் போனில் வீடியோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டார். நான் ஒரு கைகூப்பு போட்டதோடு சரி, திறந்து பார்க்கவே இல்லை.

நாலு நிமிட வீடியோ. மூன்றாவது நிமிடத்தில் ஒரு பெண் வருகிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு காலில் மாவுக்கட்டு, கம்பு ஊன்றி. சிரமப்பட்டுத் தரையில் உட்கார்கிறாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த எதையோ எடுத்து ஏரிக்கு மேற்கே வைக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்பது இடத்தில். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆட்டுப் புழுக்கை.

ஒன்பது குடும்பத்துக்கு ஒன்பது குவியல். 'உங்ககிட்ட என்ன இருக்கோ அதையே வச்சுக் காட்டுங்க' என்று காலையில் கூட்டத்துக்குச் சொன்னது யார்? நான். நாலாம் அத்தியாயத்தில் தடித்த எழுத்தில் இருக்கிற வரியும் அதுதான். அவளிடம் இருந்தது அது.

அப்புறம் இன்னொரு பெண் வருகிறாள். நீலச் சுடிதார், துப்பட்டா இடுப்பில், கையில் பள்ளிக்கூட விளக்குமாறு. நான்தான். மைதானத்தில் ஆடு வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. படம் எடுக்கப் போகிறோம், அசிங்கமாக இருக்கக் கூடாதே என்று நினைத்தேன். இரண்டே இழுப்பு. வேலையை முடித்த திருப்தி வேறு முகத்தில். மாவுக்கட்டுக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறக்கவில்லை.

ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. அதற்கு மேல் என்ன எழுத.

வீடியோவை அதிகாரிக்கு அனுப்பினேன். யார் பெருக்குகிறார்கள் என்பதையும் எழுதியே அனுப்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

கேஸ் தீர்ந்தது. பால் பாதியில் நின்றது. பக்கத்து வீட்டில் கொடுத்துக் காய்ச்சி வாங்கினேன்.

அதிகாரியிடமிருந்து பதில். மரியாதையான பதில். வீடியோ பார்த்தாராம். ஆனால் திட்டத்தோடு இணைத்த வரைபடத்தின் குறிப்பட்டியலில் புளியங்கொட்டை இருக்கிறது, வேப்பிலை இருக்கிறது, சோடா மூடி இருக்கிறது, புழுக்கை இல்லையே என்கிறார். அந்தப் பட்டியலை எழுதியதும் நான்தான். பெருக்கிய பிறகு எழுதினேன்.

இன்னொன்றும் சொன்னார். செயலாளரிடம் பெயர் கேட்டுப் பார்த்தாராம், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் கைநாட்டு இருக்கிறது. மல்லவ்வா, பதினேழாவது பெயர். 'வரைபடம் சரி என ஏற்கிறோம்' என்ற வரிக்குக் கீழே. அவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறாரே மேடம், நாங்கள் என்ன செய்ய என்கிறார். அந்த வரியையும் தட்டச்சு செய்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப் போகிறது.

நாளை கொ.பள்ளி போகிறேன். யாழினியின் ஸ்கூல் மீட்டிங்குக்கு இவர் போகட்டும். வீடியோவை யாழினிக்கும் காட்டினேன், ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. கடைசி வரை பார்த்துவிட்டு, என் தோளில் கையை வைத்து, "ஒதிலெய் அம்மா" என்றாள். விட்டுவிடு என்கிறாள். பன்னிரண்டு வயசு. எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஜூன் 14, சனி

பஸ்ஸில் எழுதுகிறேன், திரும்பி வருகிற வழி. எழுத்து ஆடுகிறது.

மூன்று மணி நேரப் பயணம். இறங்கினதும் வாசனையிலேயே தெரிந்தது. தெருவெல்லாம் ஆடு. ஜேசிபி முன்னால் உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டார்களாம், மேட்டுக்கு வழியில்லை, அதனால் வீட்டு வாசல்களில், சந்தில், பள்ளிக்கூடச் சுவரோரம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நனைந்த ஆடு. கத்திக்கொண்டே இருந்தன. மகளிர் குழுவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்து, களம் எப்போது முடியும் என்று கேட்டார்கள். சீக்கிரம் என்றேன். வேறு என்ன சொல்வது.

மல்லவ்வா வீட்டில் அவர் மட்டும். மாவுக்கட்டு எடுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறார். கால் உடைந்ததால்தான் இந்தத் தடவை மந்தையோடு போகாமல் ஊரில் தங்கியிருக்கிறார். வீடியோவில் பார்த்தபோது 'அவள்' என்று எழுதிவிட்டேன், நேரில் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். என் தமிழ் வாடை அடிக்கிற தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், ஐந்து பதில், பூட்டு, அதிகாரி. அவர் பேசியதை என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"அன்னிக்குப் பெருக்கினது நான்தான்" என்றேன்.

"பாத்தேனே மேடம். பக்கத்துலதான இருந்தேன்."

அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. என்ன நியாயம் அது.

அவர் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க எழுதிக்கிட்டீங்கன்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துல எழுதி முடிச்ச பெறகுதான பலகையை அழிப்பாங்க."

டீயை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அடக்கினேன். அந்த வீட்டில் அழ எனக்கு என்ன உரிமை.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பாதி மந்தையை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது, அதைச் சொன்னார். மழைக்காலத்தில் எல்லோர் வயலிலும் பயிர் நிற்கும், ஆட்டை வைத்துக்கொள்ள அந்த மேடு ஒன்றுதான் இடம், அதையும் சொன்னார். எனக்கு விளக்குகிற மாதிரி, பொறுமையாக. ஏப்ரலில் நான் கேட்டிருக்க வேண்டியது.

"இப்ப என்ன பண்ணலாம் மேடம்? நீங்கதான இதுக்குப் படிச்சவங்க."

மனு எழுதலாம் என்றேன். எழுதினோம். ஒன்பது குடும்பமும் கையெழுத்து, கைநாட்டு. கைநாட்டு வைக்கும் முன் ஒருவர் என்னிடம் கேட்டார், இதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, முழுக்கப் படியுங்கள் என்று. மூன்று தடவை படித்தேன். செயலாளர் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். அவரும் பாவம், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

கிளம்பும்போது மல்லவ்வா பஸ் நிறுத்தம் வரை வந்தார், தாங்கித் தாங்கி. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் படம் புத்தகத்தில் வரப்போகிறதாமே, செயலாளர் சொன்னார், ஒன்று எனக்கும் அனுப்புங்கள், எனக்குப் படிக்க வராது, எங்கள் இடம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் காட்டச் சொல்கிறேன் என்றார்.

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது, அதனால் சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. கேஸ் வந்தது.

போனவுடனே வரதராஜன் சார். அட்டையை மாற்ற வேண்டும் என்றேன். நாலாம் அத்தியாயத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றேன். எழுதியே கொண்டுபோயிருந்தேன்:

யார் வரவில்லை என்று முதலில் கேளுங்கள்.
படத்துக்காகத் தரையைச் சுத்தம் செய்யாதீர்கள்.

வாங்கிப் படித்தார். இரண்டாவது வரியை இரண்டு தடவை. வெள்ளிக்கிழமையே அச்சுக்குப் போய்விட்டதாம். "அடுத்த பதிப்புல போடலாம் மா. நல்லா எழுதியிருக்கே." மடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார், ஒரு பல் டாக்டர் அட்டைக்குப் பக்கத்தில்.

ஒரு திருத்தத் தாளாவது செருகலாமே என்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்கே தெரிகிறது. அவர் அச்சக பில்லை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மாலை நாலு மணிக்குச் செயலாளர் ஒரு படம் அனுப்பினார். மேட்டைச் சமன் செய்துவிட்டார்கள். செம்மண், ஜேசிபி பல் இழுத்த கோடுகள். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மேலே போயிருக்கிறது என்று பதில்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. மனுவுக்குப் பதில் இல்லை. யாழினிக்குக் கணக்கில் மார்க் குறைவு என்று மீட்டிங்கில் சொன்னார்களாம், இன்றைக்குத்தான் இவர் சொல்கிறார்.

அதிகாரிக்கு இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

வெயில். புத்தகம் வந்தது. பதினான்கு பெட்டி. லேத் பட்டறை ஆட்கள்தான் மாடிக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். ஆபீஸ் முழுக்க மை வாசனை. வரதராஜன் சார் லட்டு வாங்கி வரச் சொன்னார். எல்லோரும் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன்.

அட்டை நன்றாக வந்திருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. தெரு, ஏரி, புளியங்கொட்டை ஒவ்வொன்றும் தெரிகிறது. ஏரிக்கு மேற்கே விளக்குமாறு போன வளைவுக் கோடுகள்கூட லேசாகத் தெரிகின்றன, தெரிந்தவர்களுக்கு. அந்தக் கோடுகளின் மேல் புத்தகத்தின் பெயர், பெரிய சிவப்புத் தெலுங்கு எழுத்தில்: 'எல்லோரும் சேர்ந்து வரைந்த ஊர்'.

அட்டை வடிவமைத்த பெண்ணுக்குப் போன் போட்டு ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டேன். சின்னப் பெண், பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டது.

"படம் பூரா நெருக்கமா இருந்துச்சு மேம். எழுத்து வைக்க அந்த ஒரு எடம்தான் காலியா கெடச்சுது."

கொ.பள்ளிக்கு ஐந்து பிரதி. பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், மகளிர் குழு, அங்கன்வாடி. நாலு கட்டு கட்டி முகவரி ஒட்டியாயிற்று. ஐந்தாவது கட்டு மேஜை மேல் இருக்கிறது. மல்லவ்வா, ஏரித் தெரு என்று எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை. பேனா எழுதுகிறது, மை இருக்கிறது.